பெட்டி வண்டியின் பலகைக்கு அடியில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் பட்டாசு மருந்து என்ற சொல்லை எடுத்தாலே கேட்கிறவர்கள் பதறிவிடுவார்கள். யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறதோ, நமக்கு எப்படித் தெரியும்? அதனால் நீங்கள் பதறாமல் கேளுங்கள். பதற வேண்டியதையெல்லாம் அவர்களே பதறி முடித்துவிட்டார்கள்.

அச்சங்குளத்துச் சங்கிலிமுத்துவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. கம்பெனியில் குழாய் சுற்றுகிறவர்கள் உண்டு, திரி செருகுகிறவர்கள் உண்டு, பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுகிறவர்கள் உண்டு. மருந்து கலக்குகிறவர்களுக்கு மட்டும் எல்லோரையும் விட்டுத் தள்ளி ஒரு தனி அறை. வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் சலித்து, கையாலேயே கலந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது, ஒன்றோடு ஒன்று தேய்ந்தாலும் ஆகாது. அப்படிப்பட்ட வேலை.

அதை விடச் சொல்லி அவன் மனைவி செல்வலட்சுமி கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது கேட்டதில்லை, சண்டை பிடித்தும் கேட்டதில்லை. சோறு போடும்போது இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா என்பதைப் போலக் கேட்பாள். அவனும் போதும் என்பதைப் போல, இந்த சீசன் போகட்டும் என்பான். ஆடி பிறந்ததும் பூசை போட்டுத் தீபாவளி ஆர்டரை ஆரம்பிப்பார்களே, அதைத்தான் சீசன் என்பது. ஒரு சீசன் போகும், அடுத்தது வரும். அவனும் போய்க்கொண்டே இருந்தான்.

போன வைகாசியில் பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை தரைமட்டமானது. சாப்பாட்டு நேரம், உள்ளே ஆள் இல்லை, நல்ல வேளை. ஆனால் சத்தம் கேட்டவுடன் எது எந்தக் கம்பெனி என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? செல்வலட்சுமி இடுப்பில் சொருகிய சேலையோடு ரோட்டில் ஓடினாள். பாதி வழியில் அவன் எதிரே சைக்கிளில் வந்தான். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான், நமக்கென்று ஒரு தொழில் கையில் வந்துவிட்டால் அன்றைக்கே விட்டுவிடுகிறேன் என்று.

அந்த வார்த்தையை அவள் விடவில்லை. அவளுக்குப் பணியாரமும் இட்லியும் கைவந்த சமாச்சாரம். ஆடியில் இருக்கன்குடிக் கோயில், அதற்கப்புறம் ஒவ்வொரு ஊர்த் திருவிழாவாக என்று கடை போட்டால் வருசம் பூராவும் பிழைப்பு இருக்கும். அவள் தம்பி முத்துப்பாண்டியிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி இருந்தது. அதற்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மாதிரி, உள்ளேயே அடுப்பும் படுக்கப் பலகையும் வைத்த பெட்டி வண்டி ஒன்று கிடைத்தால், போகிற ஊரில் தங்க இடம் தேட வேண்டாம். புருசனும் பொண்டாட்டியும் ஒரே இடத்தில் இருக்கலாம். அவளுக்கு அதுதான் முக்கியம், பணியாரம் அப்புறம்.

அப்படி ஒரு வண்டி விருதுநகரில் விற்பனைக்கு இருப்பதாக முத்துப்பாண்டி செல்போனில் படம் காட்டினான். பழைய வண்டிகளை வாங்கி விற்கிற சபரிநாதன் என்பவருடையது. போய்ப் பார்த்தார்கள். கொடைக்கானலில் காபிக் கடையாக நின்ற வண்டி, ஒருத்தர் கைதான் பட்டிருக்கிறது, அடுப்பு கூட அதிகம் பற்ற வைக்கவில்லை என்று சபரிநாதன் சொன்னார். வெளியே ஊதாப் பெயிண்ட், உள்ளே பூப்போட்ட புதுத் தரைவிரிப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சங்கிலிமுத்து ஏமாளி இல்லை, நன்றாகச் சோதித்தான். ஆனால் எதைச் சோதித்தான் என்று கேளுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்று பார்த்தான். ஏதாவது நடந்தால் எகிறிக் குதிக்க ஜன்னல் போதுமா என்று பார்த்தான். சிலிண்டர் வெளியே தனிக் கூண்டில் இருக்கிறதா, கரண்டு வயர் எங்கேயாவது உரிந்திருக்கிறதா, படுக்கைக்கும் அடுப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் பார்த்தான். கம்பெனி அறையைச் சோதிக்க வருகிற ஆபீசர் மாதிரி பார்த்தான். தீக்கு வேண்டியதையெல்லாம் பார்த்தவன் தண்ணீருக்கு வேண்டியதைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, தரை என்ன நிலைமையில் இருக்கிறது என்று தட்டிப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. இரும்பு துருப்பிடிக்கும் என்பதெல்லாம் அவன் பயப்படுகிற சாமான்களில் சேர்த்தி இல்லை.

இருந்ததையெல்லாம் போட்டு வாங்கினார்கள். எவ்வளவு என்பதை விடுங்கள், இருந்ததெல்லாம்.

ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் பால் காய்ச்சலாம் என்று நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். பால் பொங்கிய நிமிசத்திலிருந்து தொழில் ஆரம்பித்ததாகக் கணக்கு. சங்கிலிமுத்து கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை. வாசலில் நின்ற வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அடுத்த வீட்டுக் கருப்பம்மாள் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். கம்பெனி போர்மேன் ராக்கப்பனும் வந்திருந்தார். சங்கிலிமுத்துவுக்கு அவர் தூரத்து மாமா முறை. நல்ல கலவைக்காரனை இழக்கிற வருத்தத்தோடு, வெற்றிலை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

செல்வலட்சுமி புதுச் சட்டியில் பாலை ஊற்றிக்கொண்டு உள்ளே ஏறினாள். அடுப்புப் பக்கம் இரண்டு எட்டு வைத்ததும் கால் கொஞ்சம் உள்ளே வாங்கியது. தரை அமுங்குகிறது என்று திரும்பிச் சொன்னாள். வண்டிக் கதவருகே கீழே நின்ற சங்கிலிமுத்து குனிந்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கினான். அதற்கடியில் புத்தம் புதுப் பலகை ஒன்று. அதன் நுனி ஆணி பிடிக்காமல் ஆடியது. அதையும் ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தான்.

வெயில் சரியாக அந்த இடுக்கில் விழுந்தது. உள்ளே வெள்ளி நிறத்தில் தூள் மினுமினுத்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் குருணை. நடுநடுவே மஞ்சள் பொடி. அவன் தினமும் விடியற்காலையில் கலக்குகிற மூன்று மருந்தின் நிறமும் அவன் பொண்டாட்டியின் காலுக்கடியில் கிடந்தன.

"செல்வம், அடுப்பத் தொடாத" என்றான்.

அவன் குரல் உயரவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவள் சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சட்டியக் கீழ வைக்காத, கையிலயே வச்சிக்க. காலத் தேய்க்காம, ஒவ்வொரு எட்டா தூக்கி வச்சு எங்கிட்ட வா."

மருந்துக்காரன் பொண்டாட்டி அவள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பால்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கதவருகே வந்ததும் அவன் இடுப்போடு சேர்த்துத் தூக்கி மண்ணில் இறக்கினான். இறக்கிய பிறகும் கையை எடுக்க மறந்தான். தெருவே பார்க்க அவன் அவளை அப்படிப் பிடித்ததே இல்லை.

ராக்கப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமும் சரியில்லை. மூன்றும் இருக்கிறது, கலந்தே கிடக்கிறது என்றார். எவனோ லைசென்ஸ் இல்லாமல் வண்டிக்குள்ளேயே பட்டாசுச் சரக்குப் போட்டிருக்கிறான், ஓரிடத்தில் நின்றால் பிடித்துவிடுவார்கள் என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று அவரே ஒரு கதையும் கட்டினார். கட்டியதை எல்லோரும் நம்பினார்கள். நம் பக்கத்தில் நம்ப முடியாத கதையா அது?

சங்கிலிமுத்து சிலிண்டரை மூடி, கூண்டிலிருந்து அலுங்காமல் எடுத்துத் தூரக் கொண்டுபோனான். பிறகு திரும்பி வந்து மனைவியிடம் கேட்டான்.

"காலையில உள்ள கழுவுனியே, எம்புட்டுத் தண்ணி ஊத்துன?"

"கொடங் கொடமா ஊத்துனேன். புது எடம்ல."

ராக்கப்பனும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் தானாகவே சூடேறும். தீக்குச்சி வேண்டாம், அடுப்பு வேண்டாம். உள்ளுக்குள்ளேயே வெந்து வெந்து, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்.

அப்புறம் தெருவே காலியானது. எல்லா வீட்டிலும் அடுப்பை அணைத்தார்கள். கோழி, ஆடு, கட்டிலில் கிடந்த பெரியவர் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு, கண்மாய்க் கரையோரம் இருக்கிற தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், பாதி வீட்டில் கறி பாதி வெந்து கிடந்தது. கருப்பம்மாளுக்கு அது பெரிய துக்கம். விடியற்காலையில் தூக்கத்திலேயே தனக்குக் கருகல் வாசம் வந்ததாகவும், அப்போதே மனசு என்னவோ சொன்னதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது நேத்து நீங்க அடுப்புல மறந்த கருவாடு அத்த. எங்க வீடு வரைக்கும் வந்துச்சு" என்றான் முத்துப்பாண்டி.

சிரிக்க முடிந்தவர்கள் சிரித்தார்கள்.

தீயணைப்புக்குச் சொல்லிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சொல்லத்தான் வேண்டும். ஆனால் தீயணைப்பு வந்தால் போலீசும் வரும். மருந்து கலக்குகிறவன் வீட்டு வாசலில் மருந்து கிடந்தால் எவன் நம்புவான், வாங்கின வண்டியில் இருந்தது என்று? ராக்கப்பன் யோசித்து, முதலில் விற்றவனைக் கேள், அவன் வாயால் என்ன சரக்கு, எவ்வளவு என்று தெரியட்டும், அதைச் சொல்லி உடனே தீயணைப்பைக் கூப்பிடுவோம் என்றார்.

சங்கிலிமுத்து போனைப் போட்டான். பதமாகவே பேசினான். தரைப் பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றான். சபரிநாதன் இந்த மாதிரி எத்தனை போனைப் பார்த்தவர். பார்த்துத்தானே வாங்கினீர்கள் அண்ணாச்சி, பழைய வண்டி என்றால் நாலு இருக்கத்தான் செய்யும், விற்றதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்து இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை.

சங்கிலிமுத்து தொட்டித் தூணில் சாய்ந்து, தூரத்தில் மாலையோடு தனியாக நிற்கிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பால்சட்டி இன்னும் அவள் மடியில்தான் இருந்தது, கீழே வைக்க மறந்திருந்தாள்.

"நீ உள்ள நின்னப்ப எனக்குக் காது அடைச்சுப்போச்சு" என்றான். "தெனமும் ஒனக்கு இப்படித்தான் இருக்குமா?"

மறைக்கலாமா என்று ஒரு நிமிசம் நினைத்திருப்பாள்.

"தெருமுக்குல ஒங்க சைக்கிள் திரும்புறது தெரியிற வரைக்கும் இருக்கும். பெறகு வேல வந்துரும்."

"சொன்னதே இல்லியே."

"சொன்னா கலக்கும்போது அந்த நெனப்புல இருப்பீக. கை தவறிப்போகும்னு சொல்லல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உங்களுக்கும் எனக்கும் தெரியும், இதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை. செல்வலட்சுமிக்கும் தெரிந்தது. பால்சட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கருப்பம்மாளின் போனை வாங்கினாள். அந்த நம்பர் சபரிநாதனுக்குத் தெரியாது, எடுத்துவிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

அவள் சண்டை போடவில்லை. வண்டி சரியில்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் வண்டியில் தரைக்கு அடியில் மருந்து கிடக்கிறது, வெடியுப்பு, கந்தகம், அலுமினியம் மூன்றும், தெரு பூராவும் வீட்டை விட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறோம் என்றாள். இப்போது தீயணைப்புக்கும் போலீசுக்கும் போன் போடப் போகிறோம், யாரிடம் வாங்கியது என்று கேட்பார்கள், உங்கள் பேரைச் சரியாகச் சொல்ல வேண்டும், அப்பா பேர் என்ன என்று கேட்டாள்.

மறுமுனையில் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது.

"யக்கா, மருந்து இல்லக்கா, அவசரப்படாதீக, சத்தியமா மருந்து இல்ல. அது கொடைக்கானல் வண்டியே இல்லக்கா. தூத்துக்குடியில கடலோரமா மீன் வறுத்த வண்டி. வருசக்கணக்கா உப்புக் காத்துல நின்னு தரை பூராம் துரு ஏறிப்போச்சு. அதச் சொரண்டாம அப்படியே மேல சில்வர் பெயிண்ட அடிச்சு விட்டேன். அதுதான் தூள் தூளா உதிரும். வெள்ளையா இருக்குறது கடல் உப்பு. மஞ்சளா இருந்தா மீனுக்குப் பெரட்டுற மாவு, இடுக்குல போனது போகவே இல்ல. அதான் பலகையப் போட்டு மூடுனேன்."

தொட்டி நிழலில் எல்லோரும் போனுக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"வேற என்ன இருக்கு?" என்றாள் செல்வலட்சுமி.

"பின்பக்க மூலையில கூரை ஒழுகும்."

"வேற?"

"இழுவக் கொக்கி ஒருதரம் ஒடிஞ்சு வெல்டிங் வச்சு ஒட்டுனது. கொஞ்சம் பதனமாப் போகணும்."

"வேற?"

"அவ்வளவுதாங்கக்கா." கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஜன்னல் தாழ்ப்பாள் ஒண்ணு விழாது" என்றும் சொன்னார்.

எத்தனையோ சண்டையில் வாயைத் திறக்காத மனிதர், மருந்து என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இன்னொரு நாளாக இருந்தால் இத்தனை ஓட்டையைக் கேட்டு அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் ஒவ்வொருவர் முகமும் தெளிந்தது. துருவாம், வெறும் துருவாம், மீன் மாவாம் என்று கடைசி வரிசை வரைக்கும் செய்தி போனது.

சங்கிலிமுத்து மட்டும் நம்பவில்லை. தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்றான். தன் கண் பார்த்ததுதான் அவனுக்குப் பெரிசு. ராக்கப்பனும் தலையாட்டினார். மருந்து இல்லை என்றால் நீரே வந்து கையை விட்டு எடுத்துக் காட்டும், வராவிட்டால் நாங்கள் சொல்கிற இடத்தில் சொல்கிறோம் என்று சொன்னார்கள். சபரிநாதன் பைக்கை எடுத்துக்கொண்டு விருதுநகரிலிருந்து பறந்து வந்தார். சட்டைப் பொத்தான் கூட மாறிப் போட்டிருந்தார்.

வந்தவர் நேராக வண்டிக்குப் போய்ப் பலகையைத் தூக்கி, கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அவர் அப்படிச் சர்வசாதாரணமாக அள்ளியதைப் பார்த்து நாலைந்து பேர் பின்னால் நகர்ந்தார்கள். ராக்கப்பன் அவரை அங்கேயே நிற்கச் சொல்லி, கம்பெனியில் செய்கிற மாதிரியே செய்தார். ஒரு சிட்டிகையை மட்டும் காகிதத்தில் வைத்து, தரிசுக் காட்டின் நடுவில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நீளக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டிக் கொடுத்து, தூர நின்று நீட்டச் சொன்னார். சபரிநாதன் நீட்டினார்.

காகிதம் மெல்லக் கருகி எரிந்து முடிந்தது. தூள் அப்படியே கிடந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது பழைய எண்ணெயில் மீன் வறுத்த வாசம் வந்தது.

சங்கிலிமுத்து காட்டுக்குள் நடந்து போய்க் குந்தி உட்கார்ந்து அந்தத் தூளை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். வருசக்கணக்காகக் கந்தகத்தில் கிடந்த மூக்கு அது, எதை முகர்ந்தாலும் கந்தகமாகத்தான் இருந்திருக்கும், பாவம். கையில் பெயிண்ட் செதில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு எழுந்து வந்தான்.

கருப்பம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்மேனையும் கலவைக்காரனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மீன் மாவுக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியல. ஒங்கள நம்பித்தான் ஊரு பூராம் தீபாவளி கொண்டாடுதாக்கும்?"

அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. கட்டிலில் கிடந்த பெரியவர் கூடச் சிரித்தார். ராக்கப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்க்க அப்படியேதான் இருந்தது தாயி என்று முனகினார். பெண்கள் அடுப்பைப் பற்ற வைக்க ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பாலைக் கருப்பம்மாள் வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, இருந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். சபரிநாதனுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. கொடுக்கும்போது இரண்டு வார்த்தை திட்டித்தான் கொடுத்தாள்.

வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக இப்போது அவராகவே சொன்னார். செல்வலட்சுமி வேண்டாம் என்றாள். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்த முத்துப்பாண்டி, இரும்புச் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, தரைத் தகடுதான் அரித்துப்போயிருக்கிறது என்று சொல்லியிருந்தான். தரையும் கூரையும் கொக்கியும் உங்கள் செலவில் புதுசாக வேண்டும், சாத்தூர்ப் பட்டறையில் வேலை முடிகிற வரைக்கும் நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். சபரிநாதன் போலீசு இல்லாத எதற்கும் தயாராக இருந்தார்.

இப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. ராக்கப்பன் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சங்கிலிமுத்துவின் தோளில் கை போட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் ஆள் வேண்டும். இத்தனை வேலையும் ஆடிக்குள் எப்படி முடியும், வண்டி தயாராவதற்குள் இருக்கன்குடி கொண்டாட்டமே முடிந்துவிடும், சும்மா எதற்கு உட்கார்ந்திருக்கிறாய், இந்த ஒரு சீசன் மட்டும் வந்துவிடு என்றார். நியாயமான பேச்சுத்தான். செல்வலட்சுமி டம்ளர்களைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டாள். அவன் வாயிலிருந்து இத்தனை வருசமும் வந்த பதில் அவளுக்கு மனப்பாடம்.

"இல்ல மாமா, நான் வரல" என்றான் சங்கிலிமுத்து.

"வண்டி தயாராகணுமேடா?"

"தயாராகிற வரைக்கும் தெருவுல அடுப்பு வச்சு இட்லி ஊத்துறோம். வெளியில நிக்கிறது எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. இனிமே அவள அப்படி நிக்க வைக்க முடியாது."

ராக்கப்பன் கையை அவன் தோளிலிருந்து எடுக்கவில்லை. வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். அப்புறம், போகும்போது திரும்பி, இட்லிக்குச் சட்னி காரமாக வை, உங்கள் வீட்டில் எப்போதும் உறைப்புக் கம்மி என்று செல்வலட்சுமியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

புருசன் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பட்டறைக்காரர் வீடு பட்டறைக்குப் பின்னால்தான், எழுப்பிக்கொள்ளலாம் என்றாள். குட்டியானையில் பெட்டி வண்டியைக் கோத்து, கொக்கியை நம்பாமல் இரும்புச் சங்கிலியாலும் சுற்றிக் கட்டினார்கள். சபரிநாதன் பைக்கில் முன்னால் போய், எதிரே வருகிற லாரிகளைக் கை காட்டி ஒதுக்கினார். முன் சீட்டில் முத்துப்பாண்டி ஓட்ட, இடித்துப் பிடித்துக்கொண்டு புருசனும் பொண்டாட்டியும். மாட்டு வண்டி வேகத்தில்தான் போனார்கள். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, உச்சி வெயில்.

சாத்தூர் எல்லையைத் தொடுவதற்குள் சங்கிலிமுத்துவின் தோளில் கனம் விழுந்தது. திரும்பிப் பார்த்தான். அவள் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் கண்ணை மூடி அவன் பார்த்ததில்லை. ரோட்டில் ஆடு குறுக்கே வர, முத்துப்பாண்டியின் கை ஹாரனுக்குப் போனது.

"அடிக்காதடா" என்றான் சங்கிலிமுத்து. "ஆடு போகட்டும். மெதுவாவே போ."